கடைசிக்கென்று வைத்த மணி

இடது கையுறையை மட்டும் கழற்றுவாள். வலது கையில் இருப்பது அப்படியே இருக்கும். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்குவாள். ஸ்டியரிங்கில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறாள். அதில் கைபேசியைச் சாய்த்து நிறுத்துவாள். கடைசிப் பயணியும் இறங்கிவிட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பிறகுதான் இடது ஆள்காட்டி விரலை நீட்டி, பனிக்கோட்டையின் கதவைத் தட்டுவாள் நெடியால்கா.

வலது கையுறை எதற்கு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "கம்பம் கழண்டா இறங்கி ஓடணும். அப்பப் போய் கையுறையத் தேடிக்கிட்டு நிக்க முடியுமா?" அவள் ஓட்டுவது டிராலிபஸ். கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்பங்கள் மேலே எழும்பி மின்கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடிவரும். குதிரைக்குக் கடிவாளம் போல அவற்றுக்குப் பின்னால் கயிறு தொங்கும். மழை பெய்தாலும், வளைவில் எவனாவது குறுக்கே வந்தாலும், கம்பம் கம்பியை விட்டுக் கழன்றுகொள்ளும். அப்போது நடுரோட்டில் இறங்கிக் கயிற்றை இழுத்து மறுபடி மாட்ட வேண்டும். ரூஸே நகரில் இந்த வேலையை அவளைவிட வேகமாகச் செய்பவர் யாருமில்லை. குட்டையான, கனத்த உடம்பு. கத்தரிக்காய் நிறத்தில் சாயம் போட்ட முடி. மார்ச் மாதமானதால் ஊர் வழக்கப்படி மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல். முதல் நாரையைக் கண்ணால் பார்க்கும்வரை அதை அவிழ்க்கமாட்டாள்.

வண்டி ஓடும்போது கைபேசி பையைவிட்டு வெளியே வராது. கப்பல் பட்டறைச் சுவரையொட்டிய கடைசி நிறுத்தத்தில், திரும்பிப் புறப்படும் நேரத்துக்காகக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச இடைவெளிதான் அவளுடைய ஆட்டம். இயந்திரத்தில் பிடித்த காப்பி ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஆறிக்கொண்டிருக்கும். ஆற்றிலிருந்து சேறும் டீசலும் கலந்த காற்று வீசும். பாதி ஆட்டத்தில் நேரம் வந்துவிட்டால் அப்படியே மூடிப் பையில் போட்டுவிடுவாள். இன்னும் ஒரே ஒரு சீட்டு என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பனிக்கோட்டை ஒற்றை ஆளாக ஆடும் சீட்டாட்டம். எதிரே மனிதர் கிடையாது. வாசல் வாசலாக ஒரு கோட்டை, வாசலுக்கு ஒரு காவலன். தொடக்கத்தில் சோப்ளாங்கிச் சீட்டுகளாகக் கொஞ்சம் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வாசலை வென்றதும் மூன்று புதுச் சீட்டுகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்பார்கள். ஒவ்வொரு முறைக்கும் மூன்று விளக்குகள் எரியும்; சீட்டைப் போடப் போட விளக்கு அணையும், விளக்கு தீர்ந்தால் உன் முறை தீர்ந்தது. அடுத்து காவலன் அடிப்பான். செத்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும், மறுபடி முதல் வாசல். டிப்போவில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நடு வாசலைத் தாண்டியதில்லை.

நெடியால்கா எல்லா வாசலையும் தாண்டி, அதற்கப்புறம் பிடிவாதக்காரர்களுக்கென்றே வைத்திருக்கும் கடுஞ்சோதனைகளிலும் பாதியை முடித்துவிட்டாள். அதனால் அவளுடைய சன்னலோரம் எப்போதும் யாராவது ஒருவர் கைபேசியும் கையுமாக நிற்பார். பெரும்பாலும் அது பின்வண்டி ஓட்டுநர் ஸ்டானிமிர். நாற்பத்தைந்து வயது, வாயில் எந்நேரமும் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்ஸா அப்பம், திரையெல்லாம் அதன் எண்ணெய்.

"நெடியால்காக்கா, இவன் என்னை ஏமாத்துறான். என்கிட்ட எவ்வளவு நல்ல நல்ல சீட்டு இருக்கு தெரியுமா? வேணுங்கிறப்ப மட்டும் வரவே மாட்டேங்குது."

"மொத்தம் எத்தனை வெச்சிருக்கே?"

"நாப்பது இருக்கும்."

"நாப்பது பேரை ஏத்திக்கிட்டு மேட்டுல போறே. உனக்கு வேணுங்கிறவன் கடைசி சீட்டுல உட்கார்ந்திருக்கான். அவன் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு முன்னால வர்றதுக்குள்ள ஸ்டாப்பு போயிருக்கும்."

"பின்னே? அவனாத்தானே எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு நீட்டுறான்."

"நீட்டினா வாங்கிடணுமா? கீழே 'வேண்டாம்'னு ஒரு பொத்தான் இருக்கு. பார்த்திருக்கியா?"

ஸ்டானிமிர் அதைப் பார்த்ததே இல்லை. எண்ணெய் விரலால் திரையைத் துடைத்துப் பார்த்தபோது, ஆமாம், பொத்தான் இருந்தது. அவள் ஒருபோதும் பிறர் கைபேசியைத் தொடமாட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் கேள்வி கேட்பாள். தொட்டு ஆடிக்கொடுத்தால் அடுத்த வாசலில் இன்னும் கேவலமாகச் சாவார்கள் என்பது அவள் கணிப்பு.

வேண்டாம் என்று சொல்வது அவளுக்கு ஆட்டத்தில் மட்டும் வருகிற குணமல்ல. சந்தையில் தக்காளிக்காரி கொசுறாக இரண்டு மிளகாய் போட்டால் எடுத்துத் திருப்பி வைப்பாள். அவள் சமையலறையில் ஒரு நல்ல கத்தி, ஒரு நல்ல வாணலி, அவ்வளவுதான். பனிக்கோட்டையில் நடுவே ஒரு கிணறு வரும். அதில் ஒரு சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம். மற்றவர்கள் கிணற்றைத் தாண்டிக் கடைக்கு ஓடுவார்கள். இவள் கடையைத் தாண்டிக் கிணற்றுக்கு ஓடுவாள்.

இன்னொரு பழக்கம், தன் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காவலனின் தலைக்கு மேலே பார்ப்பது. அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று அங்கே சின்னதாகப் படம் போட்டிருக்கும். "கார்க்காரனோட இண்டிகேட்டரைப் பார்க்காதே, முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாரு," என்று புது ஓட்டுநர்களுக்குச் சொல்வது போலத்தான். அதே மாதிரி, மின்கம்பிகள் குறுக்கே போகும் இடங்களில் சின்ன இடைவெளி ஒன்றில் மின்சாரம் இருக்காது. அங்கே மிதியை அழுத்திக்கொண்டே போனால் மேலே பொறி பறக்கும். நெடியால்கா முன்னாலேயே வேகம் சேர்த்து, அந்த இடம் வந்ததும் காலை எடுத்துவிட்டு, வண்டியைத் தானாக உருளவிடுவாள். ஆட்டத்திலும் ஒரு முறை அடி வாங்கத்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பதறமாட்டாள், கேடயத்தைத் தேடமாட்டாள். அடியை வாங்கிக்கொண்டு, அடுத்த முறைக்கு வேண்டியதைச் செய்வாள்.

இத்தனை கெட்டிக்காரியான அவளால் இந்த மார்ச்சில் ஒருவருக்கு மட்டும் வாயைத் திறந்து ஒரு யோசனை சொல்ல முடியவில்லை. அது அவள் கணவர் வெஸெலின்.

வெஸெலின் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், பெலோட் சீட்டாட்டக்காரர். எங்கள் ஊரில் குழந்தை நடக்கப் பழகுமுன் பெலோட் பழகிவிடும். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி, பக்கத்தில் இருப்பவர்கள் எதிர்க்கட்சி. ஆட்டம் நடக்கும்போது கூட்டாளிக்கு ஒரு சொல், ஒரு கண்ஜாடை காட்டக்கூடாது. காட்டினால் அதைவிட அசிங்கம் கிடையாது. தப்பான நேரத்தில் இருமினான் என்பதற்காகத் தன் மச்சானோடு ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேசாதிருந்தவர் வெஸெலின். அவன் மூச்சுக்குழாய் அழற்சி என்று டாக்டர் சீட்டே காட்டினான். இவர் நம்பவில்லை.

அவருடைய மேஜை கோலியோவின் கராஜில் இருந்தது. கராஜ் என்றால் கார் நிறுத்தும் இடம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. ஒரு விறகு அடுப்பு, ஊறுகாய் முட்டைக்கோஸ் பீப்பாய், உத்தரத்தில் தொங்கும் காய்ந்த இறைச்சி, வீட்டில் வடித்த ரக்கியா சாராயம், நான்கு நாற்காலி, நான்கு ஆண்களின் புகை. சென்ற இலையுதிர்காலத்தில் வெஸெலினுக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் கம்பிவலை வைத்தார்கள். புகை, ரக்கியா, உப்புக்கண்டம் மூன்றையும் விட்டால் நெடுநாள் இருப்பார் என்றார் டாக்டர். அந்த மூன்றையும் விட்டுவிட்டுக் கராஜில் உட்கார்ந்திருக்க வெஸெலினால் முடியாது என்பது நெடியால்காவுக்குத் தெரியும். எனவே அவரது டேப்லட்டில் பனிக்கோட்டையை இறக்கிக் கொடுத்து, "சும்மா பாரு, பிடிக்கலேன்னா அழிச்சிடு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலம் அவளுடைய கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல குளிர்காலமாக அமைந்தது. வீடு திரும்பும்போது அவர் வீட்டில் இருந்தார். அவரைச் சுற்றிப் புகை இல்லை. இரவுச் சாப்பாட்டில் அவரவர் திறந்த வாசல்களைப் பற்றிப் பேசினார்கள். திறந்த பிறகுதான், திறக்கும்போது அல்ல. ஆட்ட மும்முரத்தில் அவர் பீன்ஸ் சூப்பை அடிப்பிடிக்க விட்டார், அவள் அதை ருசித்துச் சாப்பிட்டாள். முப்பது வருஷம் அடுத்தவர் மேஜையில் உட்கார்ந்திருந்த கணவர் கடைசியில் தன் மேஜைக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி முடிவில் வெஸெலின் உப்பு ராணியிடம் போய்ச் சேர்ந்தார்.

உப்பு ராணி கடைசி வாசலின் காவல்காரி. உன் முறை முடியும்போது கையில் மிச்சமிருக்கும் சீட்டுகளிலேயே எது பெரியதோ அதன்மேல் உப்பைக் கொட்டிவிடுவாள். உப்புப் படிந்த சீட்டு கல்லாகிவிடும், அந்தச் சண்டை முடியும்வரை தூக்க முடியாது. வெஸெலின் கையில் வெண்கல மணி என்றொரு பெரிய சீட்டு இருந்தது. அடித்தால் பலமான அடி. மூன்று விளக்குகளையும் ஒரேயடியாகத் தின்றுவிடும். ஆனால் மணி ஒலித்தபின் போடும் ஒவ்வொரு கத்திச் சீட்டுக்கும் இரட்டை வலு. இத்தனை பெரிய சீட்டை உப்பிலிருந்து காப்பாற்ற அவர் குடைச் சீட்டுகளைச் சேர்த்தார். குடை விரித்தால் அந்த முறை உப்பு படாது. ஒரு குடை போதவில்லை என்று இன்னொன்று, அதுவும் போதவில்லை என்று மேலும் சில. முறைக்கு முறை குடை விரித்தார். ராணி முறைக்கு முறை அடித்தாள். கடைசியில் மணி ஒரு துளி உப்பும் படாமல் பளபளவென்று கையிலேயே இருந்தது, ஆள் போய்விட்டார்.

மறுபடி முதல் வாசலிலிருந்து வந்தார், மறுபடி அதேபோல் செத்தார். இப்படியே வாரங்கள் போயின.

"இவளுக்கு என் கையில என்ன இருக்குன்னு தெரியுது," என்றார் ஒருநாள். "கம்பெனிக்காரனே சொல்லிக் குடுக்கிறான். ஏமாத்து ஆட்டம்."

நெடியால்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்கவில்லை. "மணியை முதல்லயே போட்டுப் பார்த்தா என்ன, வெஸ்கோ?"

வெஸெலின் டேப்லட்டை மூடினார். அவள் சோற்றில் ஏதோ கலந்துவிட்டதுபோல அவளைப் பார்த்தார். "நான் உன்னைக் கேட்டேனா? கூட உட்கார்ந்து ஆடும்போது எப்பவாவது உனக்கு நான் ஜாடை காட்டியிருக்கேனா?" பால்கனிக்குப் போய்த் தொட்டிச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் கோலியோ தொலைபேசியில் வர ஆரம்பித்தான். "உன் நாற்காலி அப்படியே இருக்குடா. ஞாயித்துக்கிழமை பெரிய ஆட்டம் வெச்சிருக்கோம். பொம்மைப் படத்தோட சண்டை போட்டது போதும்." வெஸெலின் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார், எனவே அவளுக்கும் கேட்டது. பேசி முடித்ததும் அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள இவ விழலேன்னா, இதை அழிச்சிட்டு ஞாயித்துக்கிழமை கராஜுக்குப் போறேன்."

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆம்புலன்ஸில் அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. போகாதே என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் சீக்கிரம் போவார்.

கப்பல் பட்டறைச் சுவரோரம் அவள் அவருடைய ஆட்டத்தை ஆடிப் பார்த்தாள். மணியை எடுத்தாள், அவர் சேர்த்த மாதிரியே குடைகளைச் சேர்த்தாள், ராணியிடம் போனாள், செத்தாள். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படவில்லை. பெலோட்டில் கடைசிப் பிடியை எடுத்தவருக்குப் பத்துப் புள்ளி கூடுதல். அந்தப் பத்துக்காக ஊர் முழுக்க ஒரு நல்ல துருப்பைக் கடைசிவரை கையில் பொத்தி வைத்துக்கொள்ளும். ஐம்பது வருஷமாக அப்படிப் பொத்தி வைத்த கைக்கு, பெரிய சீட்டை முதலில் போடு என்றால் எப்படி வரும்? வெஸெலின் உப்பு ராணியோடு பெலோட் ஆடிக்கொண்டிருந்தார். ராணிக்கு அந்தப் பத்துப் புள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வெளியே ஸ்டானிமிர் சன்னலைத் தட்டினான். "அக்கா, நீங்களா செத்தீங்க?"

"வேணும்னேதான்," என்றாள். அவன் நம்பவில்லை. அன்று மாலைக்குள் டிப்போ முழுக்க இது செய்தியாகிவிட்டது.

அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு யோசனை வந்தது. தன் தப்பு கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கும் அடுத்தவன் தப்பு பளிச்சென்று தெரியும். அதிலும் வெஸெலினுக்கு அடுத்தவர் தப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது உடம்புக்கே ஆகாது.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெஸெலின் சமையலறை மேஜையில் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அனுமதித்த ஒரே கொறிப்பு அது. காலையில் ஒரு தடவை செத்திருந்ததால் யாருடனும் பேசும் மனநிலையில் இல்லை. நெடியால்கா எதிரே உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். இன்னொரு பெருமூச்சு.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லை. உப்பு ராணி. கடுஞ்சோதனையில மறுபடியும் வந்து நிக்கிறா."

"உன்னையுமா போட்டுப் பார்க்கிறா?" குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"நீ இங்கே பார்க்காதே. கொட்டையை உடை."

அவர் கொட்டையை உடைத்தார். அதற்கப்புறம் நாற்காலியைச் சற்று நகர்த்தினார், வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று சொல்லி. இப்போது திரை அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்னது இத்தனை குடை?"

"மணி நனையக்கூடாதுல்ல."

"மணியை எதுக்குக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

"கடைசியில ஒரே போடாப் போட்டு முடிக்கலாம்னு."

"கடைசி எப்ப வரும்? நீ செத்ததுக்கு அப்புறமா?" அக்ரூட் உடைப்பானாலேயே திரையைச் சுட்டினார். "விளக்கெல்லாம் குடைக்கே போயிடுச்சு. கத்தி எடுக்க ஒரு விளக்காவது மிச்சம் இருக்கா? நீ அவளோட சண்டை போடுறியா, இல்லை மழைக்கு ஒதுங்கி நிக்கிறியா?"

"மணியை இப்பப் போட்டா அவ அடிப்பாளே. கேடயம் போட விளக்கு இருக்காது."

"அடிக்கட்டுமே. ஒரு அடி வாங்கினா என்ன, நீ என்ன சர்க்கரை பொம்மையா? மணி அடிச்சுட்டா அப்புறம் ஒவ்வொரு கத்தியும் ரெண்டு கத்தி. கணக்குக்கூடப் போட வேண்டாம், பார்த்தாலே தெரியுது."

"எனக்குப் பழக்கமில்லை, வெஸ்கோ. கடைசிக்குன்னு ஒண்ணு கையில இருந்தாத்தான் தைரியமா இருக்கு."

"கடைசிக்காமே. இது என்ன பெலோட்டா? கடைசிப் பிடிக்கு இங்கே யாரு உனக்குப் பத்து குடுக்கப் போறா, ராணியா?"

அதோடு அக்ரூட் உடையும் சத்தம் நின்றுவிட்டது. நெடியால்கா நிமிரவில்லை. அவள் வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டமான வாசல்கள் வந்திருக்கின்றன. அந்த நேரத்தில் தலை நிமிராமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இன்னொரு குடையை விரித்தாள். ராணி அடித்தாள். திரையெல்லாம் உப்பு கொட்டி ஆட்டம் முடிந்தது. "போச்சு," என்று சொல்லிவிட்டுக் காப்பிக் கிண்ணங்களைக் கழுவப் போனாள். ஜாடை காட்டக்கூடாது என்ற விதியை அவள் மீறவில்லை. ஒரு சொல்கூட அவருக்கு உதவியாகச் சொல்லவில்லை. ஆனாலும் பெலோட் மேஜையில் இதைவிடப் பெரிய இருமலை யாரும் இருமியிருக்கமாட்டார்கள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

வெஸெலின் ஓடுகளைப் பெருக்கிக் குப்பையில் போட்டார், கையைக் கழுவினார். "கொஞ்சம் படுக்கிறேன்," என்றார். அவர் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. ஐம்பது வருஷம் சீட்டு பிடித்த முகம் அது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை முறை. கிளம்பும்போது அவர் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டேப்லட்டுக்கு மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தது. கதவோரம் அவருடைய வெளிச் செருப்புகள் பாலிஷ் போட்டு வைக்கப்பட்டிருந்தன. கராஜுக்குப் போகிற நாளில்தான் அவர் செருப்புக்குப் பாலிஷ் போடுவார்.

அன்று அவள் வண்டியை ஒழுங்காகத்தான் ஓட்டினாள், ஆனால் கடைசி நிறுத்தத்தில் கைபேசியை எடுக்கவில்லை. ஸ்டானிமிர் வந்து, தான் இப்போதெல்லாம் 'வேண்டாம்' பொத்தானை அழுத்துவதாகவும், நடு வாசலைத் தாண்டிவிட்டதாகவும் சொன்னான். நல்லது என்றாள். அவளுக்கு அதில் மனம் பதியவில்லை. ஒரு மனிதரை வீட்டில் இருக்கவைக்க ஒரு குளிர்காலத்துக்கு மேல் தன்னால் முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக இருந்தது. ஆற்றோரம் பிளம் மரங்கள் பூத்திருந்தன. அதெல்லாம் சேர்ந்து அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

மதியம் தாண்டி நகரத்தை நோக்கித் திரும்பி வரும்போது அவரைப் பார்த்தாள். கோலியோவின் கராஜ் இருக்கும் சந்து தொடங்குகிற நிறுத்தம். பாலிஷ் போட்ட செருப்பு, நல்ல கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கராஜுக்கு யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். பையில் ஊறுகாயோ மிளகாய்த் தொக்கோ இருக்கும் என்று நினைத்தாள். நிறுத்தி, முன்கதவைத் திறந்தாள்.

வெஸெலின் ஏறிவந்து அவள் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாயில் புகை வாசமும் இல்லை, ரக்கியா வாசமும் இல்லை.

"கோலியோகிட்டயா போறே?" என்றாள், சாலையைப் பார்த்தபடி.

"போயிட்டுத்தான் வர்றேன். உள்ளே போகலை, வாசல்லயே நின்னு சொல்லிட்டேன். என் நாற்காலியில வேற யாரையாவது உட்கார வெச்சுக்கோன்னு."

அவள் கதவை மூட மறந்துவிட்டாள். ஒரு கிழவர் பின்னாலிருந்து குளிர்கிறது என்று முனகியபிறகு மூடி, வண்டியை நகர்த்தினாள். வெஸெலின் பைக்குள் கைவிட்டு டேப்லட்டை எடுத்தார். திரையில் உப்பெல்லாம் கரைந்து ஓட, ராணியின் கிரீடம் தரையில் கிடந்தது.

"காலையில எழுந்த உடனே. மொத மணி, அப்புறம் கத்தி, கத்தி, கத்தி. அவளுக்கு உப்புக் கொட்ட என் கையில பெருசா ஒண்ணுமே இல்லை. சில்லறையைப் பார்த்து உப்பைக் கொட்டிக்கிட்டு நின்னா." அவர் சிரித்தார். "அது முடிஞ்சதும் என்னமோ கடுஞ்சோதனைன்னு திறக்குது. ரெண்டே விளக்காம். இந்த வசந்தகாலம் பூரா இதுக்கே சரியாப் போயிடும்போல இருக்கு. கோலியோவுக்கு எங்கேர்ந்து நேரம்?"

"ஆமா, எங்கேர்ந்து நேரம்," என்றாள் நெடியால்கா. இத்தனை சந்தோஷத்தை ஒரே நேரத்தில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனவே வைப்பரை ஒரு தடவை போட்டுவிட்டு நிறுத்தினாள். மழையே இல்லை.

ஓபரா முனையில் சிவப்பு விழுந்தது. ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு வெஸெலின் குரலைத் தாழ்த்தினார். அதில் அவருக்கு வழக்கமில்லாத ஒரு பெருந்தன்மை இருந்தது.

"நேத்து நீ எதனால தோத்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சொல்றேன் கேளு. தப்பா எடுத்துக்காதே. நீ ராணியோட பெலோட் ஆடிட்டே. ஊர்ல எல்லாரும் செய்யிற தப்புதான், உன்னை மட்டும் குத்தம் சொல்லலை. பொறுமையாச் சொல்றேன். முதல்ல அந்தக் குடையையெல்லாம் கிணத்துல போடணும்..."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நெடியால்கா கைப்பிரேக்கை இழுத்துப் போட்டாள். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, அவர் பக்கமாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.